பால் பாயசம்: கிளறுகிறவருக்கும் பந்தியில் இடம் வேண்டாமா?

7 பேருக்கும் 25 பேருக்கும் சரியான அளவு, அடிபிடிக்காத பக்குவம், குக்கர் முறை, யார் எப்போது கிளறுவது என்ற டைம் டேபிள்... எல்லாம் ஒரே இடத்தில்!

பிறந்தநாளோ, சீமந்தமோ, நிச்சயதார்த்தமோ, புதுமனை புகுவிழாவோ... இலையில் பாயசம் விழுந்தால்தான் அது விசேஷ வீடு. 'பாயசம் வரட்டும்' என்று கடைசி வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆனால், அந்தப் பாயசத்தைக் கிளறியவர் எங்கே என்று தேடினால், பெரும்பாலும் அடுப்படியில்தான் இருப்பார். ஹாலில் கேக் வெட்டும்போதும், வளையல் போடும்போதும், குரூப் போட்டோ எடுக்கும்போதும் 'இதோ வர்றேன், பால் அடிபிடிச்சுடும்' என்று அவர் குரல் மட்டும்தான் வெளியே வரும்.

இதற்குப் பயந்தே பல வீடுகளில் பாயசத்தையே கேட்டரிங்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் பாக்கெட் மிக்ஸ். இரண்டிலும் தவறில்லை. ஆனால் பால் பாயசத்துக்குத் தேவை பால், அரிசி, சர்க்கரை என்ற மூன்றே பொருள்கள். நான்காவது தேவை, நேரம். அந்த நேரம் முழுவதையும் ஒரே ஆள்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தப் பக்குவமும் சொல்லவில்லை. கொஞ்சம் திட்டமிட்டால், கிளறியவரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

அப்படி என்ன நடக்கிறது பாத்திரத்துக்குள்?

கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசம் உலகம் முழுக்கப் பேர் பெற்றது. சதுரங்க ஆட்டத்தில் தோற்ற மன்னன், முதல் கட்டத்துக்கு 1 நெல்மணி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4 என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தர ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டான் என்பது அந்தக் கோயிலை ஒட்டிய கதை. கணக்குப் போட்டால் 20 இலக்க எண் வரும். நாட்டின் களஞ்சியத்தையே காலி செய்தாலும் தீராத அந்தக் கடனுக்குப் பதிலாகத்தான் தினமும் பாயசம் என்கிறது கதை. அந்தப் பாயசத்திலும் முந்திரி, குங்குமப்பூ என்று ஆடம்பரம் ஏதும் கிடையாது. பாலும் அரிசியும் சர்க்கரையும் மணிக்கணக்கில் கொதிப்பதில்தான் ருசி.

கொதிக்கக் கொதிக்க மூன்று வேலைகள் நடக்கின்றன. பாலில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் பால் சுண்டுகிறது. அரிசி வெந்து தன் மாவுச்சத்தைப் பாலில் விடுகிறது. பாயசம் கெட்டியாவது இதனால்தான். பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் நீண்ட நேரச் சூட்டில் சேர்ந்து நிறம் மாறுகின்றன. அந்த இளஞ்சிவப்பு நிறமும் பால்கோவா வாசனையும் அங்கிருந்து வருபவை. கலர் பொடி எதுவும் தேவையில்லை. சோள மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டி கிடைக்கும்; இந்த வாசனை கிடைக்காது.

என்ன வாங்க வேண்டும்?

பால்: கொழுப்புச்சத்து கூடிய பால்தான் சரி. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவிகிதக் கொழுப்பு கொண்டது. பச்சை பாக்கெட் 4.5 சதவிகிதம், நீலம் 3 சதவிகிதம். ஆரஞ்சு கிடைத்தால் சுண்ட வைக்கும் நேரம் குறையும். பச்சையும் போதும். நீலத்தில் செய்தால் இன்னும் சற்று அதிக நேரம் சுண்ட வேண்டும். முதல் நாள் மிச்சப் பாலை இதில் கலக்கவே வேண்டாம். லேசாகப் புளித்திருந்தாலும் மொத்தமும் திரிந்துவிடும்.

அரிசி: பச்சரிசிதான். புழுங்கலரிசி அவ்வளவு சீக்கிரம் குழையாது. சீரகச் சம்பா இருந்தால் வாசனை தூக்கும். கேரளத்தில் உணக்கலரி போடுவார்கள். வங்காளத்தில் பிறந்தநாள் என்றாலே 'பாயேஷ்'தான். அங்கே கோவிந்தபோக் என்ற வாசனை அரிசி. வீட்டில் இருக்கும் சாதாரணப் பச்சரிசியிலும் நன்றாகவே வரும்.

அளவு இதுதான்

7 பேருக்கு (தலைக்குச் சுமார் 100 மி.லி.):
• பால் – 1 லிட்டர்
• பச்சரிசி – 50 கிராம்
• சர்க்கரை – 110 கிராம்
• நெய் – 1 டேபிள்ஸ்பூன்
• முந்திரி – 10
• ஏலக்காய் – 4

25 பேருக்கு (இரண்டாம் முறை கேட்பவர்களுக்கும் கொஞ்சம் இருக்கும்):
• பால் – 4 லிட்டர்
• பச்சரிசி – 200 கிராம்
• சர்க்கரை – 450 கிராம்
• நெய் – 3 டேபிள்ஸ்பூன்
• முந்திரி – 50 கிராம்
• ஏலக்காய் – 12

'இவ்வளவு பாலுக்கு இத்தனூண்டு அரிசியா?' என்று தோன்றும். அங்கேதான் பலர் கூடுதலாக ஒரு கைப்பிடி போட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாயசம் பொங்கலாகியிருக்கும்!

திறந்த பாத்திரத்தில் செய்முறை

1. அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துக்கொள்ளவும்.

2. பாலின் அளவைப்போல இரண்டு மடங்கு கொள்ளும், அடி கனமான பாத்திரம் எடுக்கவும். 4 லிட்டர் பாலுக்கு 8 லிட்டர் பாத்திரம். உருளி இருந்தால் இன்னும் நல்லது. வாய் அகலமாக இருப்பதால் பால் சீக்கிரம் சுண்டும்.

3. நெய்யில் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுக்கவும். அதே நெய்யில் பாதியை விட்டு அரிசியை 2 நிமிடம் புரட்டி எடுக்கவும். நிறம் மாறக் கூடாது. நெய் பூசிய அரிசி ஒன்றோடொன்று ஒட்டாது.

4. பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, அடியில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு, அதன்மேல் பாலை ஊற்றவும். பால் நேரடியாகச் சூடான அடியில் பட்டு ஒட்டுவதை இது குறைக்கும்.

5. பால் பொங்கியதும் தீயைக் குறைத்து அரிசியைச் சேர்க்கவும். முதல் 10 நிமிடம்தான் முக்கியம். அரிசி அடியில் தங்கி ஒட்டுவது இப்போதுதான். இந்த நேரத்தில் கரண்டியைக் கீழே வைக்க வேண்டாம். பிறகு 3 அல்லது 4 நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறினால் போதும்.

6. ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து உள்ளேயே சேர்க்கவும். தூக்கிப் போட்டால் ருசியைத்தான் தூக்கிப் போடுகிறோம்.

7. அரிசியை இரண்டு விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல மசிய வேண்டும். அதன் பிறகே சர்க்கரை. முன்பே போட்டால் அரிசி மேற்கொண்டு வேகத் தயங்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும்.

8. சர்க்கரை சேர்த்ததும் பாயசம் இளகும். பயப்பட வேண்டாம். இன்னும் 10 முதல் 15 நிமிடத்தில் (4 லிட்டருக்கு 25 நிமிடம்) மீண்டும் சேர்ந்து வரும்.

9. 'இன்னும் கொஞ்சம் கெட்டியாகலாமே' என்று தோன்றும்போதே அடுப்பை அணைத்துவிடவும். ஆற ஆற அது தானாகக் கெட்டியாகும். ஏலக்காய்த்தூள், முந்திரி, மீதி நெய் சேர்த்து மூடவும்.

மொத்த நேரம்: 1 லிட்டருக்கு முக்கால் மணி முதல் 1 மணி நேரம். 4 லிட்டருக்குச் சுமார் 2 மணி நேரம்.

திராட்சை போடுபவர்கள் நெய்யில் உப்ப வறுத்து, அடுப்பை அணைத்த பிறகு சேர்க்கவும். அதன் புளிப்பு கொதிக்கும் பாலில் இறங்கினால் பால் திரிய வாய்ப்புண்டு. பச்சைக் கற்பூரம் சேர்க்கும் வழக்கம் உள்ள வீடுகளில், கடையில் 'சமையலுக்கு' என்று கேட்டு வாங்குவது அவசியம். அதுவும் கடுகளவுதான். சாமிக்கு ஏற்றும் கட்டிக் கற்பூரம் சாப்பிடும் பொருளே அல்ல. சின்னக் குழந்தைகள் சாப்பிடப்போகும் பாயசம் என்றால் கற்பூரமே வேண்டாம்.

10 பேருக்குள் என்றால் குக்கர் போதும்

கூட்டம் குறைவான வீடுகளுக்கு இதைவிட எளிய வழி இல்லை. நிறமும் அழகாக வரும்.

5 லிட்டர் குக்கரில் 1 முதல் ஒன்றரை லிட்டர் பால் வரைதான் ஊற்ற வேண்டும். பால் பொங்கும் பொருள். பாதிக்கு மேல் போனால் ஆவி வெளியேறும் குழாயை அடைத்துவிடும். முதலில் மூடாமல் பாலைக் காய்ச்சவும். ஊறிய அரிசி, சர்க்கரை இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை கரையும்வரை கிளறவும். குக்கர் அழுத்தத்தில் அரிசி எப்படியும் வெந்துவிடும் என்பதால், இங்கே சர்க்கரையை முதலிலேயே போடலாம். மூடி, ஆவி சீராக வந்ததும் வெயிட் போட்டு, தீயை இருப்பதிலேயே சிறியதாக வைக்கவும். அங்கிருந்து 30 முதல் 35 நிமிடம்.

அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும். 15, 20 நிமிடம் ஆகலாம். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் கொதிக்கும் பால் பீய்ச்சி அடிக்கும். திறந்து பார்த்தால் வெளிர் சிவப்பில், சற்று நீர்க்க இருக்கும். குக்கருக்குள் பால் சுண்டாது. எனவே திறந்தபடி 5 முதல் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் பதம் வந்துவிடும். வேகும் அந்த அரை மணி நேரமும் கரண்டி பிடிக்க ஆள் தேவையில்லை.

25 பேர் வரும் வீட்டுக்கு ஒரு டைம் டேபிள்

மதியம் 12.30-க்குப் பந்தி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் இரவு: அரிசி, சர்க்கரையை அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கவும். ஏலக்காய் பொடிக்கவும். முந்திரியை வறுத்து, ஆறிய பிறகு மூடி வைக்கவும். கால் மணி நேர வேலை.

காலை 9.15: அரிசி ஊறட்டும்.

9.30: பால் அடுப்பில். முதல் அரை மணி நேரம் பக்குவம் தெரிந்தவர் நிற்கட்டும்.

10.00 முதல் 11.00 வரை: 15 நிமிடத்துக்கு ஒருவர். அதாவது 4 பேர் மட்டும். காலேஜ் போகும் பிள்ளை, மாப்பிள்ளை, சித்தப்பா, 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்டுக்கொண்டே சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமா... யார் வேண்டுமானாலும். முதல் நாளே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெயரும் நேரமும் போட்டுவிட்டால் யாரும் தப்பிக்க முடியாது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: அடிவரை கிளற வேண்டும், தீயைக் கூட்டக் கூடாது, அடுத்தவர் வரும்வரை நகரக் கூடாது.

11.00: பக்குவம் தெரிந்தவர் வந்து அரிசியை நசுக்கிப் பார்த்துச் சர்க்கரை சேர்க்கட்டும்.

11.30: இறக்கி, இரண்டு பாத்திரங்களாகப் பிரித்து மூடி வைக்கவும். ஒன்று முதல் பந்திக்கு. இன்னொன்றை 1 மணிக்கு மறுபடி கொதிக்கவிட்டு இரண்டாம் பந்திக்கு எடுக்கலாம்.

காலையில் பூஜை, சடங்கு என்று நேரமே இருக்காது என்றால், முதல் நாள் மாலையே செய்துவிடலாம். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கவும். மறுநாள் கெட்டியாக இருக்கும். பரிமாறும் முன் அரை லிட்டர் காய்ச்சிய சூடான பாலைச் சேர்த்து, கிளறி ஒரு கொதி விட்டால் புதிதாகச் செய்ததுபோல வரும்.

இப்படி முறை வைத்துக் கிளறுவதில் இன்னொரு லாபம் உண்டு. 'பாட்டி பாயசம் மாதிரி வராது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாட்டியிடம் எந்தப் பாத்திரம், எத்தனை ஆழாக்கு அரிசி என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் குறைவு. ஒரு ஆழாக்கு சுமார் 168 மி.லி. கொள்ளும் அளவு. பாட்டி 'ஒரு ஆழாக்கு' என்றால், அதை இன்றைய கப்பில் அளந்து குறித்துக்கொள்ளலாம். 'கண்ணளவுதான்' என்று சிரித்தால், அவர் கையால் அள்ளிப் போடுவதை ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கலாம். பக்கத்தில் கால் மணி நேரம் நின்று கிளறுபவருக்குத்தான் அந்தப் பதம் கண்ணில் படியும். ஒருவர் கையில் மட்டும் இருக்கும் பக்குவம் அவரோடு போய்விடும். நான்கு பேர் கைக்கு வந்தால் வீட்டில் தங்கும்.

ஏதாவது தவறினால்?

அடிபிடித்துவிட்டது: கரண்டியை எடுத்துவிடவும். கிளறவோ சுரண்டவோ கூடாது. மேலே இருக்கும் பாயசத்தை வேறு பாத்திரத்துக்கு மெதுவாக மாற்றவும். ஒரு ஸ்பூன் ருசி பார்த்து, தீய்ந்த வாசனை இல்லையென்றால் அங்கிருந்து தொடரலாம்.

கெட்டியாகிவிட்டது: சூடான பால் மட்டும் சேர்க்கவும். தண்ணீர் விட்டால் ருசி நீர்த்துப்போகும்.

நீர்க்க இருக்கிறது: வெந்த அரிசியில் ஒரு கரண்டி எடுத்து மசித்துக் கலக்கி, 5 நிமிடம் கொதிக்கவிடவும்.

இனிப்பு கூடிவிட்டது: கால் லிட்டர் பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சிச் சேர்க்கவும்.

வெல்லம் போட ஆசை: கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். அரிசி பாலில் குழைய வெந்ததும் இறக்கி, சற்று ஆறவிட்டு, காய்ச்சி வடிகட்டி ஆறிய வெல்லப்பாகைச் சேர்க்கவும். அதன் பிறகு கொதிக்கவிடக் கூடாது. மார்கழி 27-ம் நாள் கூடாரவல்லிக்குச் செய்யும் அக்காரவடிசலுக்கும் இதே எச்சரிக்கைதான். வெல்லத்தோடு நன்றாகக் கொதிக்க வேண்டும் என்றால் தேங்காய்ப்பாலுக்கு மாறுவதே வழி. அடைப் பிரதமன் போன்றவை அப்படி வந்தவைதான்.

சுகர் உள்ளவர்களுக்கும் குட்டீஸுக்கும்

மேலே சொன்ன அளவில் ஒரு 100 மி.லி. டம்ளரில் சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்கும். 3 டீஸ்பூனுக்கும் மேல். பாலிலும் அரிசியிலும் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் இதில் சேராது. 'நாட்டுச் சர்க்கரை போட்டிருக்கு, சுகர் ஏறாது', 'வெல்லம்தானே, ஒரு டம்ளர் குடிங்க' என்று தாத்தா, பாட்டியை வற்புறுத்துவது விசேஷ வீடுகளில் சகஜம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

அவர்களுக்கென்று, சர்க்கரை சேர்க்கும் முன் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக எடுத்து வைக்கலாம். சுண்டிய பாலுக்கே மெல்லிய இனிப்பு உண்டு. ஏலக்காயும் நாலு முந்திரியும் போட்டால் அதுவும் பாயசம்தான். மருத்துவர் அனுமதித்த அளவில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு 'போதும்' என்பவரை அத்தோடு விடுவதும் அன்புதான்.

குழந்தைக்கு அன்னம் ஊட்டும் விசேஷத்தில் முதல் வாயே பாயசமாக இருக்கும் வழக்கம் உண்டு. 2 வயதுவரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த உணவு வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சர்க்கரை போடாத, குழைய வெந்த, மசித்த அரிசியை ஊட்டிச் சடங்கை முடிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழு முந்திரி தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. அவர்கள் கிண்ணத்தில் முந்திரியை எடுத்துவிட்டுக் கொடுக்கவும்.

மீந்தால் என்ன செய்வது?

பாலும் சர்க்கரையும் வெந்த அரிசியும் சேர்ந்தது கிருமிகளுக்கும் விருந்துதான். காலையில் இறக்கியதை மாலைவரை மேடையிலேயே வைத்து, உறவினர்களுக்குத் தூக்கில் ஊற்றிக் கொடுப்பது நல்லதல்ல. வெளியே 2 மணி நேரம்தான் கணக்கு. கோடை வெயிலில் 1 மணி நேரம். மீதியைச் சாப்பாடு முடிந்த கையோடு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடவும். புளிப்பு வாசனை லேசாக வந்தாலும் மறுபடி கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்க விருந்துகளில் போளியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் பால் பாயசம் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போடும் ரசிகர்களும் உண்டு. இனிப்போடு சேரும் அந்த உப்பு தனி ருசி. உங்கள் வீட்டில் எப்படியோ, அப்படியே. கிளறிய எல்லோருக்கும் இலை போட்டாச்சா என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பரிமாறத் தொடங்குங்கள்!

அடுத்த வாரம்: 25 பேருக்குச் சாம்பார்... பருப்பு அளவும் புளிக் கணக்கும்!